கேப்டனின் தாடை எலும்பு

2024 செப்டம்பரில் கனடா நாட்டு ஆய்வாளர்கள் ஒரு தாடை எலும்புக்குப் பெயர் கண்டுபிடித்தார்கள். வட துருவத்தை ஒட்டிய கிங் வில்லியம் தீவின் கரையில் கிடந்த எலும்பு அது. அதிலிருந்த கடைவாய்ப் பல்லின் மரபணு, இன்று உயிரோடு இருக்கும் தூரத்து உறவினர் ஒருவரின் மரபணுவோடு பொருந்தியது. பெயர், ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ். பிரிட்டிஷ் கடற்படையின் எரெபஸ் கப்பலுக்குக் கேப்டன். எலும்பின் மேல் வெட்டுத் தடங்கள் இருந்தன. கரடியோ நரியோ கடித்த தடங்கள் அல்ல, கத்தி அறுத்தவை. கேப்டனை அவருடைய சகாக்கள் தின்றிருக்கிறார்கள்.

நவீன விஞ்ஞானம் பல்லைக் குடைந்து கண்டுபிடித்த இந்த விஷயம், 1854லேயே லண்டனுக்கு வந்து சேர்ந்துவிட்ட செய்திதான். சொன்னவர்கள் அந்தப் பனிப் பிரதேசத்தின் இன்யூட் மக்கள். அன்றைய வழக்கில் எஸ்கிமோக்கள். பச்சை இறைச்சி தின்பவர்கள் என்று அந்தப் பெயருக்கு வெகுகாலம் பொருள் சொல்லப்பட்டு வந்தது. பச்சை இறைச்சி தின்கிறவன் மகாராணியின் கடற்படை அதிகாரிகளைப் பார்த்து, அவர்கள் மனிதனைத் தின்றார்கள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நம்பவில்லை. கிட்டத்தட்ட ஒன்றரை நூற்றாண்டு நம்பவில்லை.

1845 மே மாதம் சர் ஜான் ஃபிராங்க்ளின் தலைமையில் எரெபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்கள் இங்கிலாந்திலிருந்து கிளம்பின. கனடாவின் தலைக்கு மேலாக, பனிக்கடல் வழியே பசிபிக் பெருங்கடலுக்கு வழி கண்டுபிடிப்பது நோக்கம். மூன்று வருடத்துக்கான உணவு, டப்பாவில் அடைத்த இறைச்சி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள், கையால் சுற்றினால் பாட்டு இசைக்கும் வாத்தியப் பெட்டி, அதிகாரிகளின் சாப்பாட்டு மேஜைக்கு வெள்ளிக் கரண்டிகள், முள்கரண்டிகள். நாகரிகத்தை மூட்டை கட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். பனிக்கடலுக்குள் நுழைந்தவர்கள் 129 பேர். ஒருவர்கூடத் திரும்பவில்லை.

தேடிப் போனவர்கள் பலர். விடை கொண்டுவந்தவர் ஜான் ரே. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவில் பிறந்த டாக்டர், ஹட்சன்ஸ் பே கம்பெனி ஊழியர். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் செய்யாத காரியம் ஒன்றை அவர் செய்திருந்தார். பனிக் குடில் கட்டவும், பனிச் செருப்பு மாட்டி நடக்கவும், வேட்டையாடிச் சாப்பிடவும் உள்ளூர் மக்களிடமே பாடம் கற்றார். கடற்படைக்காரர்கள் இதைக் கொஞ்சம் கௌரவக் குறைவாகத்தான் நினைத்தார்கள். ஆனால் அவர்கள் பட்டினியில் செத்த பிரதேசத்தில் ரே நூற்றுக்கணக்கான மைல் நடந்து உயிரோடு திரும்பினார்.

1854 ஏப்ரலில் ரே சந்தித்த ஓர் இன்யூட் மனிதரின் தலையைச் சுற்றி தங்க நிறப் பட்டை ஒன்று இருந்தது. கடற்படைத் தொப்பியின் பட்டை. எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார். அங்கிருந்து விரிந்தது கதை. சில குளிர்காலங்களுக்கு முன் சுமார் 40 வெள்ளையர்கள் ஒரு படகை இழுத்துக்கொண்டு தெற்கே நடந்தார்கள், எல்லோரும் மெலிந்திருந்தார்கள், பிறகு பிணங்களாகத்தான் கிடந்தார்கள். பிணங்கள் இருந்த நிலையையும் பாத்திரங்களுக்குள் மிஞ்சியிருந்ததையும் பார்த்தால், கடைசியில் அவர்கள் எதைத் தின்று உயிரை நீட்டித்தார்கள் என்பதில் சந்தேகமில்லை என்றார்கள். ரே குறுக்கு விசாரணை செய்தார். ஃபிராங்க்ளினின் பதக்கத்தையும் வெள்ளிக் கரண்டிகளையும் விலை கொடுத்து வாங்கினார். கடற்படைத் தலைமைக்கு அறிக்கை எழுதினார். அந்த அறிக்கை அக்டோபரில் ‘டைம்ஸ்’ பத்திரிகையில் அச்சானது.

லண்டன் கொதித்தது. கணவரைத் தேட ஊரையே திரட்டிய லேடி ஃபிராங்க்ளின் நம்ப மறுத்தார். அவருக்குத் துணையாக வந்தவர் சாமானியர் அல்ல, சார்லஸ் டிக்கன்ஸ். தாம் நடத்திய வாரப் பத்திரிகையில் 1854 டிசம்பரில் இரண்டு இதழ்களுக்கு நீண்ட கட்டுரை எழுதினார். வாதம் எளிமையானது. படித்த, பயிற்சி பெற்ற ஆங்கிலேயர்கள் இப்படிச் செய்யமாட்டார்கள். காட்டுமிராண்டிகள் பொய் சொல்வார்கள். ஒருவேளை அவர்களே கப்பல்காரர்களைக் கொன்றிருக்கலாம். ஏழைக் குழந்தைகளுக்காக உலகத்தையே அழவைத்த எழுத்தாளருக்கு, தாம் ஒருநாளும் பார்த்திராத ஒரு ஜனத்தைக் கொலைகாரர்கள் என்று எழுதக் கை நடுங்கவில்லை. ஆதாரம்? ஃபிராங்க்ளினே 1821ல் கனடாவில் பட்டினி கிடந்தபோது பூட்ஸ் தோலைத் தின்றாரே தவிர மனிதனைத் தின்னவில்லை என்றார். அந்தப் பயணத்தில் நரமாமிசம் பற்றிய சந்தேகம் எழத்தான் செய்தது. ஆனால் பழி விழுந்தது குழுவிலிருந்த இரோக்வா பழங்குடிக்காரர் ஒருவர் மேல். அவரை வெள்ளை அதிகாரி ஒருவர் சுட்டுக் கொன்றுவிட்டதால் அவர் தரப்பு என்ன என்று கேட்க வழியில்லை.

ரே அதே பத்திரிகையில் பதில் எழுதினார். தமக்குத் தெரிந்த இன்யூட் மக்கள் நேர்மையானவர்கள் என்றார். எடுபடவில்லை. பரிசுப் பணத்துக்கு ஆசைப்பட்டு அவசரமாக ஊர் திரும்பியவர் என்ற பேச்சுதான் மிஞ்சியது. 10,000 பவுன் பரிசு அவருக்கும் அவருடைய ஆட்களுக்கும் 1856ல் கிடைத்தது, சர் பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை. அவருக்குப் பின்னால் போய், 1848ல் கப்பல்களைக் கைவிட்ட செய்தி எழுதிய காகிதத்தோடு திரும்பிய குழுவின் தலைவர் மெக்ளிண்டாக்குக்குப் பட்டம் கிடைத்தது. அந்தக் காகிதம் ஃபிட்ஸ்ஜேம்ஸின் கையெழுத்தில் இருந்தது. அதில் சாப்பாட்டைப் பற்றி எதுவும் இல்லை என்பதில் எல்லோருக்கும் நிம்மதி.

டிக்கன்ஸ் அதோடு நிற்கவில்லை. பனிக்கடலில் தொலைந்தவர்களின் தியாகத்தைப் போற்றும் நாடகம் ஒன்றை நண்பர் வில்கி காலின்ஸ் எழுத, டிக்கன்ஸே முக்கிய வேடத்தில் நடித்தார். 1857 ஜூலை 4 அன்று விக்டோரியா மகாராணி வந்து பார்த்தார். அந்தச் சமயத்தில் டெல்லியும் கான்பூரும் எரிந்துகொண்டிருந்தன. அதே ஆண்டு அக்டோபரில் டிக்கன்ஸ் ஒரு தோழிக்கு எழுதிய கடிதத்தில், தாம் மட்டும் இந்தியாவில் தளபதியாக இருந்தால் இந்த இனத்தையே பூமியிலிருந்து துடைத்தெறியப் பாடுபடுவேன் என்று எழுதினார். எஸ்கிமோவைப் பற்றி எழுதிய அதே பேனா. காட்டுமிராண்டி என்ற சொல் ஒருவர் மேல் ஒட்டிவிட்டால் அடுத்து என்ன செய்தாலும் அது அநியாயமாகத் தோன்றுவதில்லை.

எலும்புகள் மட்டும் காத்திருந்தன. 1992ல் அந்தத் தீவில் கிடைத்த சுமார் 400 எலும்புகளை மானுடவியலாளர் ஆன் கீன்லிசைட் ஆராய்ந்து 1997ல் முடிவை வெளியிட்டார். 92 எலும்புகளில் கத்தித் தடங்கள். 2015ல் இன்னொரு ஆய்வு, சில எலும்புகளை உடைத்து மஜ்ஜைக்காக வேகவைத்திருக்கிறார்கள் என்றது. பாத்திரம் பற்றி இன்யூட் மக்கள் சொன்னது அதுதான். கப்பல்கள் மூழ்கிய இடமும் அவர்கள் பரம்பரையாகச் சொல்லி வந்த திக்கிலேயே இருந்தது. எரெபஸ் 2014ல் கிடைத்தது, டெரர் 2016ல். இரண்டாவது கப்பல் கிடைத்ததே ஓர் இன்யூட் மனிதர் கொடுத்த துப்பினால்தான். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் ஃபிராங்க்ளினுக்கு 1875லேயே நினைவுச் சின்னம் எழுந்துவிட்டது. ஜான் ரேக்கு அங்கே ஒரு கல் பதிக்க 2014 வரை ஆனது. சாட்சி சொன்ன இன்யூட் மக்களுக்கு அங்கே கல் இல்லை.

பட்டினியில் செத்தவனின் உடலைத் தின்று பிழைக்க முயன்றவர்களைப் பழிப்பது எளிது. மைனஸ் 40 டிகிரி குளிரில், ஈறுகள் அழுகி, படகு இழுத்தவர்களின் இடத்தில் நின்று பார்த்தால் வாய் மூடிக்கொள்ளும். இங்கே கேள்வி அவர்கள் தின்றது பற்றி அல்ல. அதே காரியம் ஒரு தோலுக்குள் நடந்தால் துயரம், இன்னொரு தோலுக்குள் நடந்தால் சுபாவம் என்று ஆனது எப்படி?

கடலோடிகளிடையே அப்போது ஓர் எழுதாத சட்டம் இருந்தது. கப்பல் கவிழ்ந்து, உணவு தீர்ந்து, படகில் தத்தளிப்பவர்கள் சீட்டுப் போட்டு ஒருவரைத் தின்னலாம். கரைக்கு வந்து ஒளிக்காமல் சொல்லிவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். 1884ல் மிக்னனெட் என்ற சிறு கப்பல் தென் அட்லாண்டிக்கில் மூழ்கியபோது தப்பிய நால்வரில் டட்லி, ஸ்டீபன்ஸ் என்ற இருவர், நோயுற்றுக் கிடந்த 17 வயதுப் பையன் ரிச்சர்ட் பார்க்கரைக் கொன்றார்கள். மூவரும் தின்றார்கள். சீட்டுகூடப் போடவில்லை. இங்கிலாந்துக்கு வந்து எல்லாவற்றையும் அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். வழக்கு வந்ததும் ஆச்சரியப்பட்டுப் போனார்கள். ஊர் அனுதாபம் அவர்கள் பக்கம். இறந்த பையனின் அண்ணனே கோர்ட்டில் கை குலுக்கினார். மரண தண்டனை விதிக்கப்பட்டு ஆறு மாதச் சிறையாகக் குறைந்தது. சட்டக் கல்லூரியில் கால் வைத்த எந்த இந்திய மாணவரும் இந்த வழக்கைப் படிக்காமல் வெளியே வந்திருக்கமாட்டார். யான் மார்ட்டெலின் நாவலில் பாண்டிச்சேரிப் பையனோடு படகில் பயணம் செய்யும் புலிக்கு ரிச்சர்ட் பார்க்கர் என்று பெயர் வந்ததும் இதனால்தான். ஆனால் இந்த வழக்கை வைத்து ஆங்கிலேயர்களை நரமாமிச ஜாதி என்று எவரும் எழுதியதில்லை.

மருந்து என்றால் கேள்வியே இல்லை. எகிப்திலிருந்து வந்த பதப்படுத்திய பிணங்களைப் பொடித்து, ஐரோப்பிய மருந்துக் கடைகள் 18ஆம் நூற்றாண்டு வரை விற்றன. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் மண்டை ஓட்டிலிருந்து வடித்த திராவகத்தைத் தாமே தயாரிப்பதில் ஆர்வம் உள்ளவர். 1685ல் சாகும் தறுவாயில் அவருக்கு அதுவும் புகட்டப்பட்டது. கடல் கடந்த தேசங்களில் நரமாமிசம் தின்பவர்களைப் பற்றி நடுங்கியபடியே படித்தவர்கள், தலைவலிக்கு ஒரு சிட்டிகை பிணப்பொடி சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார்கள்.

‘கானிபல்’ என்ற சொல்லே கொலம்பஸ் கொண்டுவந்தது. 1492ல் கரீபியத் தீவுகளில் இறங்கியபோது, பக்கத்துத் தீவுக்காரர்களைப் பற்றி உள்ளூர் மக்கள் பயத்தோடு சொன்ன பெயர் அவர் காதில் ‘கனிபா’ என்று விழுந்தது. ஒற்றைக் கண்ணர்கள், நாய் முகத்தவர்கள் பற்றியும் கேள்விப்பட்டதாகக் குறித்துவைத்தார். பாஷை தெரியாதவர் சைகையில் கேட்டுக்கொண்டவை இவை. கரீபியன் கடலுக்கும் கானிபலுக்கும் பெயர் ஒரே ஊற்றிலிருந்து வந்தது.

பெயரோடு போயிருந்தால் பரவாயில்லை. புதிய பிரஜைகளை அடிமையாக்கக் கூடாது என்றிருந்த ஸ்பெயின் ராணி இசபெல்லா, 1503ல் ஒரு விலக்கு அளித்தார். எதிர்த்து நிற்கும் நரமாமிச உண்ணிகளைப் பிடிக்கலாம், விற்கலாம். அதன்பின் தங்கச் சுரங்கத்துக்கு ஆள் தேவைப்பட்டபோதெல்லாம் நரமாமிசத் தீவுகளின் பட்டியல் நீண்டது. எந்தத் தீவு கரீப், எந்தத் தீவு சாது என்று தீர்மானிக்க 1520ல் ஃபிகரோவா என்ற அதிகாரி விசாரணையே நடத்தினார். ஒரு தீவின் மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது அவர்களுடைய சமையலறையில் முடிவாகவில்லை. அடிமை வியாபாரியின் கணக்குப் புத்தகத்தில் முடிவானது.

வங்காள விரிகுடாவிலும் இதே கதைக்கு ஒரு கிளை உண்டு. அந்தமான் தீவினருக்கு நாய்த் தலை என்றும், வெளியாட்கள் அகப்பட்டால் தின்றுவிடுவார்கள் என்றும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதினார். 1858ல் போர்ட் பிளேரில் கைதிகள் குடியிருப்பை அமைத்த பிரிட்டிஷார் அந்த மக்களோடு பல ஆண்டுகள் பழகினார்கள். அவர்களைப் பற்றி முதல் விரிவான நூலை எழுதிய அதிகாரி ஈ.எச். மேன், நரமாமிசத்துக்குச் சான்று எதுவும் இல்லை என்று 1883ல் தெளிவாக எழுதினார். அச்சில் வந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1890ல், ஷெர்லக் ஹோம்ஸ் அலமாரியிலிருந்து ஒரு கெசட்டியரை எடுத்து, அந்தமான்காரர்கள் கப்பல் உடைந்து வருபவர்களை விருந்தாக்கித் தின்பவர்கள் என்று டாக்டர் வாட்சனுக்கு வாசித்துக் காட்டினார். மேன் எழுதியதைப் படித்தவர்கள் சில நூறு பேர் இருக்கலாம். ஹோம்ஸ் சொன்னதைப் படித்தவர்களுக்குக் கணக்கில்லை.

யார் யாரைத் தின்றார்கள் என்பதற்கு மக்கள்தொகைக் கணக்கு இருக்கிறது. பிரிட்டிஷார் வந்தபோது ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர்கள், அம்மை, மேகநோய் எல்லாம் வந்தபின் 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961ல் 19 பேர். சுதந்திர இந்தியாவும் மார்தட்டிக்கொள்ள முடியாது. அந்தமான் நெடுஞ்சாலையில் சுற்றுலாக்காரர்கள் வீசும் உணவுக்காக ஜாரவா பெண்கள் ஆடவைக்கப்பட்ட வீடியோ 2012ல் வெளியாகி நாட்டையே தலைகுனிய வைத்தது. காரில் உட்கார்ந்து பிஸ்கட் வீசியவர்கள் நம் சக குடிமக்கள்.

இத்தனையையும் பார்த்துவிட்டு, நரமாமிசம் தின்ற சமூகம் என்று உலகில் ஒன்றுமே இருந்ததில்லை, எல்லாம் கட்டுக்கதை என்ற முடிவுக்குப் போனவர்களும் உண்டு. 1979ல் அமெரிக்க மானுடவியலாளர் வில்லியம் ஆரன்ஸ் கிட்டத்தட்ட அப்படித்தான் ஒரு புத்தகம் எழுதினார். நல்லெண்ணம்தான். ஆனால் பழியிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து, அந்த மக்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னதையும் தள்ளிவிடுவதில் போய் முடிகிறது. இன்யூட் மக்களை நம்பாத லண்டனுக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

பப்புவா நியூ கினியின் மலைப் பகுதியில் ஃபோரே மக்கள் இறந்த உறவினர்களை உண்டார்கள். மறைக்கவில்லை. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் உண்டார்கள். மூளையும் அதில் சேர்ந்தது. குரு என்ற நடுக்க நோய் அப்படிப் பரவி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது, அதிலும் பெண்களே அதிகம். அந்த நோயை ஆராய்ந்த கார்ல்டன் கஜ்டுசெக்குக்கு 1976ல் நோபல் பரிசு கிடைத்தது. பசிபிக் தீவுகளிலிருந்து டஜன் கணக்கில் சிறுவர்களை அமெரிக்காவில் தம் வீட்டுக்கு அழைத்து வந்து வளர்த்த அவர், அவர்களில் ஒருவனிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்ததை 1997ல் ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். அதை வைத்து அமெரிக்க விஞ்ஞானிகளின் நாகரிகத்தைப் பற்றி யாரும் நூல் எழுதவில்லை. எழுத வேண்டியதுமில்லை. ஃபோரே மக்களுக்கும் அதே சலுகையைக் கொடுத்திருக்கலாம்.

பாரசீகப் பேரரசர் டேரியஸின் சபையில் நடந்ததாக ஹெரோடோட்டஸ் ஒரு சம்பவம் எழுதுகிறார். பிணத்தை எரிக்கும் வழக்கமுள்ள கிரேக்கர்களைக் கூப்பிட்டு, எவ்வளவு பணம் கொடுத்தால் இறந்த தகப்பனைத் தின்பீர்கள் என்று கேட்டார். என்ன கொடுத்தாலும் மாட்டோம் என்றார்கள். பிறகு பெற்றோரைத் தின்னும் இன்னொரு கூட்டத்தாரை வரவழைத்து, எவ்வளவு கொடுத்தால் தகப்பனை எரிப்பீர்கள் என்று கேட்டார். அவர்கள் அலறிவிட்டார்கள், இப்படிப்பட்ட வார்த்தையை வாயால் சொல்லாதீர்கள் என்றார்கள். தகப்பனைத் தின்பவர்கள் என்று ஹெரோடோட்டஸ் குறிப்பிடும் அந்தக் கூட்டத்தார் கல்லாட்டியர். இந்தியர்கள்.

காசியில் எரிந்தால் மோட்சம் என்று நம்பும் தேசத்துக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். பிரேசிலின் மேற்கு எல்லைக் காட்டில் வாழும் வாரி மக்களுக்கு வேடிக்கையாக இருக்காது. 1960கள் வரை அவர்கள் இறந்தவர்களை உண்டார்கள். எதிரிகளையும் தின்றதுண்டு, அதில் மரியாதை கிடையாது. தங்கள் மனிதர் இறந்தால் நடப்பது வேறு. ரத்த உறவினர் தொடமாட்டார்கள், பிணத்தைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். வறுத்து உண்பது பெண் கொடுத்து எடுத்த வகையறாவின் கடமை. நம்மூர்க் கணக்கில் சம்பந்திகள். தூரத்து ஜனம் வந்து சேர இரண்டு மூன்று நாட்கள் ஆகும் என்பதால் உடல் கெட்டுப்போயிருக்கும். அருவருப்பை அடக்கிக்கொண்டு, சிறு குச்சிகளால் எடுத்து, அழுதபடியே உண்பார்கள். இறந்தவரின் வீட்டார் கெஞ்சிக் கேட்கும்போது மறுப்பது அவமரியாதை. மண் அவர்களுக்குக் குளிர்ந்தது, ஈரமானது, அசுத்தமானது. அன்புக்குரியவரை அதற்குள் போட்டு அழுகவிடுவது என்பதை நினைக்கவே அவர்களால் முடியவில்லை.

வெளியுலகம் 1956க்குப் பின் அவர்களை நெருங்கியது. கூடவே வந்த தொற்று நோய்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மருந்தும் உணவும் மிஷனரிகளிடமும் அரசு அதிகாரிகளிடமும் இருந்தன. புதைக்க வேண்டும் என்றார்கள். புதைத்தார்கள்.

1980களில் அவர்களோடு தங்கிய மானுடவியலாளர் பெத் காங்க்ளினிடம் முதியவர்கள் இதைப் பற்றி வெட்கமில்லாமல் பேசினார்கள். உண்டுவிட்டால் உடல் இல்லை, நினைவும் மெல்ல மங்கும், துக்கம் ஆறும் என்றார்கள். பிள்ளையைப் பறிகொடுத்துப் புதைத்த தகப்பன்மார்களின் நிலை வேறு. வருஷங்கள் ஆன பிறகும், அந்தக் குழந்தை மண்ணுக்கடியில் தனியே குளிரில் கிடக்கிறதே என்ற நினைப்பு அவர்களை விட்டுப் போகவில்லை.